டோர்வலில் பிள்ளையார் மட்டும்

போன செவ்வாய்க்கிழமை பின்னேரம். அடுப்பில் பருப்பு. கதவை யாரோ தட்டினார்கள் — தட்டினார்கள் என்பது மரியாதைக்குச் சொல்வது. இடித்தார்கள்.

திறந்தால் சுகி. மொன்றியலின் சென்ட் லோரன்டில் எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடிக்காரி. நான் இரண்டாம் மாடி. பதினொரு வருடமாக என் தலைக்கு மேலே நடப்பவள். கையில் ஃபோன், கண்ணில் தண்ணீர்.

"அக்கா, என்ரை பிள்ளையை மொன்றியலை விட்டுக் கலைச்சுப் போட்டினம்!"

எங்கள் சனத்துக்கு அது லேசாகச் சொல்கிற சொல்லா? அகதி விண்ணப்பம், வழக்கு, மேன்முறையீடு... எல்லாம் ஒரு நொடியில் மனதில் ஓடின. பிறகுதான் நினைவு வந்தது — அவள் மகள் ஆரணி இங்கே பிறந்தவள். பதினொரு வயது. அவளை யார், எங்கே கலைப்பது?

ஃபோனை வாங்கிப் படித்தேன். பிரெஞ்சில் ஒரு ஈமெயில். மிக மிக மரியாதையான பிரெஞ்சு. அந்த அளவு மரியாதையைக் கண்டாலே நான் உஷாராகிவிடுவேன்.

'உங்கள் முகவரி மாற்றத்தைப் பதிவு செய்துகொண்டோம். உங்கள் புதிய நகரத்தில் எல்லாம் நன்றாக அமைய வாழ்த்துகிறோம். எங்கள் நீச்சல் அணியில் இருக்கும் பிள்ளைகள் சென்ட் லோரன்டில் வசிக்க வேண்டும் என்பது விதி. எனவே சனிக்கிழமைப் போட்டியில் ஆரணியின் இடம் அடுத்த பிள்ளைக்குப் போகும்.'

"புது நகரமாம் அக்கா! டோர்வல் என்ன ரொறன்ரோவுக்கு அங்காலையே இருக்கு? காரிலை பத்து நிமிசம்!"

பருப்பு அடிப்பிடித்தது. அடுப்பை நிறுத்திவிட்டு அவளை உட்கார வைத்தேன். நீங்களும் உட்காருங்கள், விஷயத்தை ஒழுங்காகச் சொல்கிறேன்.

ஆரணி இரண்டு வருடமாக எங்கள் வட்டாரத்து நீச்சல் குளத்தில் பயிற்சி எடுக்கிறாள். மொன்றியல் நகரத்தின் வட்டாரங்களுக்கிடையே சிறுவர்களுக்கு ஒரு நீச்சல் போட்டி. நான்கு பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக நீந்தும் ரிலேயில் முதல் ஆள் இவள். மல்லாந்து நீந்த வேண்டும். அதோடு இன்னொரு பெருமையும் கிடைத்திருந்தது. தொடக்கத்தில் ஒவ்வொரு அணியும் தன் வட்டாரத்தின் பெயர் எழுதிய பதாகையோடு குளத்தைச் சுற்றி நடக்கும். சென்ட் லோரன்டின் பதாகையைப் பிடிக்க ஆரணியைத்தான் தெரிவு செய்திருந்தார்கள்.

சுகிக்கு நீந்தத் தெரியாது. அவள் கணவர் பரமேஸுக்கும் தெரியாது. கடல் சூழ்ந்த ஊரிலிருந்து வந்தவர்கள்தான் — ஆனால் முழங்காலுக்கு மேலே தண்ணீர் ஏறினால் இரண்டு பேரும் கூச்சல் போடுவார்கள். அந்த வீட்டில் ஒரு பிள்ளை தண்ணீரில் முதுகைப் போட்டுக்கொண்டு போகிறது என்றால், பெற்றவர்களுக்கு எப்படி இருக்கும்? கட்டடம் முழுவதும் சொல்லி முடித்துவிட்டு, பக்கத்துக் கட்டடத்துக்குப் போயிருந்தாள் சுகி.

பரமேஸ் டோர்வல் விமான நிலையத்தில் பயணிகளின் பொதி ஏற்றுகிறவர். பதினான்கு வருடமாக மற்றவர்களின் சூட்கேஸைத் தூக்கியவர், இந்த வசந்தத்தில் டோர்வலிலேயே ஒரு வீடு வாங்கினார். சின்ன வீடு. விமானம் இறங்கினால் ஜன்னல் கொஞ்சம் நடுங்கும். "அது பரவாயில்லை அக்கா. எந்த ஃபிளைட் லேட் எண்டு படுக்கையிலை கிடந்தே தெரிஞ்சு கொள்ளலாம்" என்றார். சாவியை என்னிடம் காட்டிவிட்டு உடனே சட்டைப்பைக்குள் பத்திரப்படுத்திக்கொண்டார்.

சாவி கிடைத்தது மே மாதம். இங்கே அப்பார்ட்மென்ட் ஒப்பந்தம் ஜூன் முடியும் வரை. இந்த ஊரில் பாதிப்பேர் ஜூலை முதலாம் திகதிதான் வீடு மாறுவார்கள். அன்றைக்குத் தெருவெல்லாம் மெத்தையும் பிரிட்ஜும் நடந்து போகும். இவர்களும் அன்றே மாறுவதாக ஏற்பாடு. ஆனால் ஜூலை முதலாம் திகதி என்ன மாதம்? ஆனி! ஆனியில் புதுவீட்டுக்குக் குடிபோவதா? தள்ளிப்போட்டால் ஆடி. சுகி விடுவாளா?

கோயில் ஐயர் ஒரு வழி சொன்னார். வைகாசிக்குள் நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சிவிட்டால் குடிபூரல் முடிந்தது. பிறகு தளபாடங்கள் எப்போது போனாலும் குற்றமில்லை. காலை எட்டு பத்திலிருந்து ஒன்பது இருபது வரை சுபநேரம்.

நானும் போயிருந்தேன். வெறும் வீடு. பேசினால் எதிரொலித்தது. குசினி மூலையில் பிள்ளையார் படம், குத்துவிளக்கு, உப்பு, மஞ்சள், அரிசி. சின்ன மின்னடுப்பில் புதுப் பானை. பால் பொங்கியது. ஸ்மோக் அலாரமும் பொங்கியது. பரமேஸ் சால்வையைக் கழற்றி அலாரத்துக்கு விசிறினார். எட்டு நாற்பதுக்கெல்லாம் காரியம் முடிந்துவிட்டது.

அங்கேதான் வினை. சுபநேரம் இன்னும் நாற்பது நிமிடம் மிச்சம் இருந்ததே! நல்ல நேரத்தை வீணாக்கலாமா? சுகி சுவரோரமாகச் சம்மணம் கட்டி உட்கார்ந்தாள். ஃபோனை எடுத்தாள். மின்சாரம், வங்கி, டிரைவிங் லைசென்ஸ், மருத்துவ அட்டை, இன்டர்நெட்... எல்லாவற்றிலும் முகவரியை டோர்வலுக்கு மாற்றினாள். கடைசியாக, ஒன்பது பதினெட்டுக்கு, ஆரணியின் நீச்சல் குளத்து அட்டையையும்.

"நல்ல நேரத்திலை மாத்தினால் புது அட்ரஸ் ராசியா இருக்குமெண்டு நினைச்சனான் அக்கா."

அவள் மாற்றும்போது நான் பக்கத்தில்தான் இருந்தேன். "கெட்டிக்காரி" என்று பாராட்டியும் விட்டேன். அதை நீங்கள் மறந்துவிடுங்கள்.

பத்து நிமிடத் தூரத்தில் இருக்கும் டோர்வல் எப்படி 'வேறு நகரம்' ஆனது? வெளியூர் வாசகர்கள் கேட்பீர்கள். உள்ளூர்க்காரர்களில் பலருக்கும் தெரியாது, வெட்கத்தில் கேட்க மாட்டீர்கள்.

மொன்றியல் ஒரு தீவு. முன்பு இந்தத் தீவில் இருபத்தெட்டு நகராட்சிகள். நடுவில் பெரிய மொன்றியல். சென்ட் லோரன்ட், டோர்வல் எல்லாம் தனித்தனி நகரங்கள் — தனி மேயர், தனி நூலகம், தனிப் பனி அள்ளும் வண்டி. இருபது வருடத்துக்கும் முன்பு மாகாண அரசு எல்லாவற்றையும் பிடித்து ஒன்றாக்கியது. ஒரு தீவு, ஒரு நகரம் என்றார்கள். ஒரே இரவில் மொன்றியலின் சனத்தொகை பத்து லட்சத்துச் சொச்சத்திலிருந்து பதினெட்டு லட்சமாகிவிட்டது! ஒரு பிள்ளை கூடுதலாகப் பிறக்கவில்லை. ஒரு விமானம் கூடுதலாக இறங்கவில்லை. எல்லாரும் முதல்நாள் படுத்த கட்டிலில்தான் எழும்பினார்கள்.

புறநகர்க்காரர்களுக்கு அது பிடிக்கவில்லை. எங்கள் வரி, எங்கள் பனி, எங்கள் மேயர் என்று கொடி பிடித்தார்கள். ஆட்சி மாறியது. பிரிய விரும்புகிறவர்கள் வாக்குப் போட்டுப் பிரியலாம் என்று வந்தது. பதினைந்து நகரங்கள் கழன்றுகொண்டன. டோர்வலும் அதில் ஒன்று. மொன்றியலின் சனத்தொகை இரண்டு லட்சம் போல இறங்கியது. யாரும் சாகவில்லை... ரொறன்ரோவுக்கும் போகவில்லை.

சென்ட் லோரன்ட்? இங்கேதான் வேடிக்கை. வாக்களிக்க வந்தவர்களில் பெரும்பாலானவர்கள் பிரியத்தான் சொன்னார்கள். ஆனால் அது மட்டும் போதாது. பட்டியலில் உள்ள மொத்த வாக்காளர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று மேலானவர்கள் நேரில் வந்து 'பிரிவோம்' என்று போட வேண்டும். அவ்வளவு பேர் வரவில்லை. அதனால் சென்ட் லோரன்ட் மொன்றியலின் ஒரு வட்டாரமாகவே நின்றுவிட்டது.

வராதவர்கள் யார் யார்? ஒருத்தியை எனக்கு நன்றாகத் தெரியும். அவளுக்கு அப்போது மருந்து ஃபேக்டரியில் இரவு ஷிஃப்ட். ஞாயிறு விடிய வீட்டுக்கு வந்தவள், கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டுப் போய் வாக்குப் போடலாம் என்று படுத்தாள். எழும்பியபோது இரவு ஒன்பது மணி. வாக்குச்சாவடியைப் பூட்டி, மேசை கதிரையும் அடுக்கி முடித்திருப்பார்கள். உரிமை, உரிமை என்று ஊரெல்லாம் முழங்கிய வாய் அவளுக்கு. அன்று குறட்டை விட்டது.

சரி, சரி. நான்தான்.

போயிருந்தால் 'பிரிவோம்' என்றே போட்டிருப்பேன். ஏனா? பழைய சென்ட் லோரன்ட் நகராட்சி எங்கள் தெருப் பனியை அழகாக அள்ளும். எனக்கு அவ்வளவுதான் அரசியல். என் ஒரு வாக்கால் என்ன ஆகியிருக்கும் என்று பலமுறை சமாதானம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். படுத்திருந்த எல்லாரும் அப்படித்தானே சொல்லியிருப்பார்கள்?

அன்று விழுந்த கோடு இன்றும் கிடக்கிறது. என் மகன் மொன்றியலின் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் இருக்கிறான். அவன் நடக்கப் போகும் ஒரு தெருவில் இந்தப் பக்கம் மொன்றியல், அந்தப் பக்கம் வேறு நகரம். குப்பை வைக்கும் நாளும் வேறு. போலீசும் தீயணைப்பும் பஸ்ஸும் தீவு முழுவதற்கும் பொது. நீச்சல் குளம் பொது இல்லை. எங்கள் சனம் வீடு வாங்கப் பத்து நிமிடம், இருபது நிமிடம் தள்ளிப் போகிறது. கோடு எங்கே என்று தாண்டிய பிறகுதான் தெரிகிறது. சுகி இன்னும் தாண்டக்கூட இல்லை. அவள் முகவரி மட்டும் முந்திக்கொண்டு போய்விட்டது.

அன்று பின்னேரமே சுகியோடு மேலே போனேன். ஆரணி அழவில்லை. நீச்சல் தொப்பியையும் கண்ணாடியையும் ஒரு பெட்டிக்குள் வைத்து, டேப் ஒட்டி, மேலே மார்க்கரால் 'டோர்வல்' என்று எழுதிக்கொண்டிருந்தாள்.

"பரவாயில்லை அன்ரி. அம்மாக்குத் தெரியாதுதானே" என்றாள். அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்தப் பெட்டியைப் பார்த்ததும்தான் எனக்குக் கோபம் வந்தது.

"சுகி, நாளைக்கு வேலைக்கு லீவு சொல்லு. போய்க் கதைப்பம்."

"என்னண்டு அக்கா கதைக்கிறது? நானே எழுதிக் குடுத்திட்டன். இனிக் கேப்பினமே?"

"கேட்கிற மாதிரிக் கதைப்பம். அந்தப் பெட்டியின்ரை டேப்பைக் கழட்டு முதல்லை."

வட்டாரத்துப் பொழுதுபோக்கு அலுவலகத்தில் கவுன்டருக்குப் பின்னால் மதாம் ஷந்தால். அறுபதைத் தாண்டிய வயது, வெள்ளைத் தலை, மூக்கு நுனியில் கண்ணாடி. பொன்ஜூர் சொல்லிவிட்டு என் பிரெஞ்சை அவிழ்த்து விட்டேன். என் பிரெஞ்சு இலக்கணத்துக்கு அஞ்சாதது. அவர் பொறுமையாகக் கேட்டார்.

"வாடகை ஒப்பந்தம் இருக்கிறதா?"

இருந்தது. ஜூன் முப்பது வரை.

"நல்லது. இந்த முகவரிக்கு இன்னும் ஒரு ஆதாரம் வேண்டும். மின்சார பில், வங்கிக் கடிதம், ஏதாவது."

சுகி என்னைப் பார்த்தாள். நான் சுகியைப் பார்த்தேன். எல்லாம் டோர்வல்! சுபநேரத்தில் ஒன்றையாவது மறந்திருக்கக் கூடாதா பாவி?

மதாம் கணினித் திரையைப் பார்த்தார். "அப்படியானால், டோர்வல் வீட்டில் இப்போது யார் வசிக்கிறார்கள்?"

நான் வாய் திறப்பதற்குள் சுகி முந்திக்கொண்டாள். ஒரு கார்டெரியில், அதாவது பிள்ளைகள் காப்பகத்தில், சமைத்துக் கற்றுக்கொண்ட பிரெஞ்சு அவளுடையது. சொல் குறைவு, துணிவு அதிகம்.

"கணேஷ். கணேஷ் மட்டும்."

மதாம் தட்டச்சு செய்யத் தொடங்கினார். "மிஸ்யூ கணேஷ்... உங்கள் கணவரா?"

"நோன், நோன்!"

"மகனா? பதினெட்டு வயதுக்கு மேல்?"

"மகன் இல்லை. வயசு... கனக்க, கனக்க."

மதாம் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு முழுக் குடும்பச் சண்டையே ஓடியது. இனியும் விட்டால் பரமேஸின் மானம் போய்விடும்.

"கடவுள், மதாம்" என்றேன்.

அவர் கைகள் கீபோர்டிலிருந்து எழுந்தன.

சுகி ஃபோனை நீட்டினாள். பால் காய்ச்சிய அன்று எடுத்த படம். வெறும் குசினி, மூலையில் பிள்ளையார், முன்னால் விளக்கு, உப்புப் பொட்டலம், பொங்கி வழிந்த பானை. நான் வைகாசியையும் ஆனியையும் ஐயரையும் சுபநேரத்தையும் என்னால் ஆன மட்டும் பிரெஞ்சில் சொன்னேன். மதாம் படத்தை விரலால் பெரிதாக்கினார். இடது பக்கம் போனார். வலது பக்கம் போனார்.

"பிரிட்ஜ் இல்லை."

"இல்லை."

"கட்டில்?"

"இல்லை."

"திரைச்சீலைகூட இல்லையே. பாவம் மிஸ்யூ கணேஷ்."

பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "வசிப்பிடம் என்றால் கடிதம் வருகிற இடம் இல்லை, மதாம். நீங்கள் தூங்கி எழும்புகிற இடம்." இழுப்பறையிலிருந்து ஓர் உறுதிமொழிப் படிவத்தை எடுத்தார். ஜூன் முப்பது வரை இங்கேதான் தூங்கி எழும்புகிறோம் என்று சுகி கையெழுத்துப் போட வேண்டும். வெறும் வீடு என்பதற்கு ஆதாரமாக அந்தப் படத்தையும் அனுப்பச் சொல்லி, அச்சிட்டுப் படிவத்தோடு இணைத்துவிட்டார். நினைத்துப் பாருங்கள் — சென்ட் லோரன்டின் ஒரு கோப்புக்குள் எங்கள் பிள்ளையார் இருக்கிறார்!

சுகி எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது மதாம் பேச்சுக் கொடுத்தார். "நான் இங்கேயே பிறந்தவள். சென்ட் லோரன்ட் தனி நகரமாக இருந்த காலத்தில் வேலைக்கு வந்தவள். பிரிய வேண்டும் என்று வீடு வீடாகப் போய்க் கேட்டேன். ஆட்கள் வரவில்லை, மதாம். வீட்டில் இருந்துவிட்டார்கள்! அன்றிரவு அழுதேன்."

எனக்கு வியர்த்தது. சும்மா இருந்திருக்கலாம். கோப்பில் பிள்ளையார் வேறு பார்த்துக்கொண்டிருந்தார். வாய் தானாகத் திறந்தது.

"அதில் ஒருத்தி நான்தான், மதாம். வந்திருந்தால் 'பிரிவோம்' என்றுதான் போட்டிருப்பேன். தூங்கிவிட்டேன்."

"நீங்களா?"

"ஓம்... வூய். இரவு ஒன்பது மணி வரை."

சிரித்தாரா, முறைத்தாரா? இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று. முத்திரையைக் கொஞ்சம் பலமாகவே குத்தினார். ஆனாலும் குத்திவிட்டார். ஆரணி அணியில் இருந்தாள்.

சனிக்கிழமை. குளத்தைச் சுற்றி இருந்த வாங்குகளில் உட்கார இடமில்லை. பரமேஸ் வேலையிலிருந்து நேரே வந்திருந்தார் — ஒளிரும் மஞ்சள் அங்கியோடு. அவரைப் பாதுகாப்பு ஊழியர் என்று நினைத்து இரண்டு பேர் கழிப்பறைக்கு வழி கேட்டார்கள். அவரும் கைகாட்டி அனுப்பினார். அன்றைக்கு யார் எதைக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பார்.

வட்டாரங்கள் ஒவ்வொன்றாக வந்தன. ஒலிபெருக்கியில் 'சென்ட் லோரன்ட்' என்றதும் நான் எழுந்து நின்றேன். நீலத் தொப்பி. அவளை விட உயரமான பதாகை. பின்னால் மூன்று பிள்ளைகள் — ஒருத்தியின் வீட்டில் அரபு, ஒருவன் வீட்டில் கிரியோல், ஒருத்தியின் வீட்டில் தலைமுறை தலைமுறையாகப் பிரெஞ்சு. முன்னால் நடந்தவள் வீட்டில் தமிழ். ஆரணி வலப்பக்கமும் பார்க்கவில்லை, இடப்பக்கமும் பார்க்கவில்லை. நேரே பார்த்து நடந்தாள். நான் அழுதேன். ஒளித்து என்ன ஆகப்போகிறது? இந்த ஊருக்கு வந்த புதிதில் மெட்ரோவில் 'சென்ட் லோரன்டுக்கு எப்படிப் போவது' என்று கேட்கவே கூசியவள் நான். அந்த இடத்தின் பெயரை எங்கள் பிள்ளை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போனாள். பெருமைப்படாமல் வேறு என்ன செய்வது?

ரிலே தொடங்கியது. ஆரணி தன் பங்கை முடிக்கும் வரை சுகி கண்ணைத் திறக்கவில்லை. "கரைக்கு வந்திட்டாளா அக்கா? வந்திட்டாளா?" என்று என் கையைக் கிள்ளிக்கொண்டே இருந்தாள். வந்துவிட்டாள், இரண்டாவதாக. அணி முடித்தது மூன்றாவதாக. பரமேஸ் எழுப்பிய சத்தத்தைக் கேட்டவர்கள் முதலிடம் சென்ட் லோரன்டுக்குத்தான் என்று நம்பியிருப்பார்கள்.

அடுத்த மாதம் அவர்கள் டோர்வல்காரர்கள். அங்கேயும் குளம் உண்டு, நூலகம் உண்டு, நல்ல ஊர். ஆரணி அங்கேயும் நீந்துவாள். ஆனால் இந்த வருடம் சனத்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது பால் காய்ச்சுவதற்கு முன். மூன்று பேரையும் எங்கள் கட்டடத்தில்தான் எண்ணியிருக்கிறார்கள். அடுத்த கணக்கெடுப்பு வரைக்கும், ஐந்து வருடம், மொன்றியலின் சனத்தொகையில் அவர்களும் சேர்த்தி. அந்தக் கணக்கை யாரும் திருத்த வேண்டாம் என்பது என் தாழ்மையான கருத்து.

பதக்கம் கொடுத்து முடிந்து, பிள்ளைகள் பதாகையோடு படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் யாரோ வந்து நின்றார்கள். மதாம் ஷந்தால். கையில் பெயர்ப்பட்டியல். அந்தப் பதாகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்றைக்கு நீங்களெல்லாம் வந்து வாக்குப் போட்டிருந்தால் நாங்கள் தனி நகரம். மொன்றியல் வட்டாரங்களின் போட்டிக்கு இந்தப் பதாகை இன்றைக்கு வந்திருக்காது" என்றார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"நன்றாகத் தூங்கினீர்கள், மதாம்."

முப்பது வருடமாக இந்த ஊரில் ஓடாய்த் தேய்ந்து உழைத்திருக்கிறேன். பாராட்டுக் கிடைத்தது தூங்கியதற்கு!